வாளி வைத்து வாசிக்கவும்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்கு மேற்கே, டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியில், ஜப்பானிய மொழி படிக்க வந்து தங்கியிருந்த பதினான்கு பேரில் ரூபாவதி என்பவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு படக்கதைப் புத்தகத்தை மடியில் விரித்து, எழுத்துக் கூட்டி ஒரு சொல்லை உரக்க வாசித்தபோது, வெண்டைக்காயை நறுக்கினால் கத்தியோடு இழுபட்டு வருமே, அதுபோல ஒரு கொழகொழப்பு அந்தப் பக்கத்தின் கீழ் ஓரத்திலிருந்து நூலாக இறங்கி அவளுடைய நைட்டியின் மேல் விழுந்தது. அவள் அதைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் விழுந்தது.

அதன் நாற்றம் அவளுக்குத் தெரிந்த நாற்றம்தான். கழுவாத பல்செட்டும், மூத்திரத்தில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த மெத்தையும், எழுந்திருக்க முடியாத உடம்பின் மடிப்புகளில் ஊறிக்கிடக்கும் வேர்வையும் சேர்ந்த நாற்றம். ஆறு வருஷம் அவள் அதற்குள் குடியிருந்தவள்.

குடியாத்தத்தில் அவளுடைய மாமியார் பக்கவாதம் வந்து படுத்தபோது ரூபாவதிக்கு இருபத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன்னால் நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்திருந்தாள் என்பதால், அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காமலே அந்த அறை அவளுடையதாகிவிட்டது. புண்ணிலிருந்து வழிந்த சீழைத் துடைத்தாள், விரலை விட்டுக் கட்டிப்போன மலத்தை எடுத்தாள், கக்கியதை உள்ளங்கையில் ஏந்தினாள். கணவன் ஏகாம்பரம் டெம்போ ஓட்டுகிறவன். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று "அம்மா சாப்டாங்களா" என்று கேட்பான், பதில் வருவதற்குள் போய்விடுவான். குளியலறைக்குப் பின்னால் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவள் ஓங்கரிப்பாள். ஒருமுறை வாய் தவறி நாத்தனாரிடம் "குமட்டுது" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. மாமியார் செத்துப் பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "எங்க ரூபாவதி மனுஷி இல்ல, தெய்வம்" என்றார். எட்டு மாதம் கழித்து மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி, சாமியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

பத்தே நாளில் அவள் விடுதிக்கு வந்துவிட்டாள். ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"எதுக்குப் பயந்து ஓடியாந்தியளோ, அதையே செய்யவா கடல் தாண்டிப் போறிய?" என்று கேட்டாள் அறையில் கூட இருந்த நேசம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, ரூபாவதியைவிட ஆறு வயது சின்னவள்.

"அங்க கையுறை குடுப்பாங்க. எட்டு மணி நேரம் முடிஞ்சா கதவைச் சாத்திட்டுப் போயிடலாம். யாரும் தெய்வம்னு சொல்ல மாட்டாங்க."

புத்தகத்தைக் கொடுத்தவன் அப்சல். மேல்விஷாரத்துக்காரன், இருபத்தாறு வயது, ஜப்பானில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். வகுப்பில் எல்லாருக்கும் அவன் சென்சே, வாத்தியார். வாசலைத் தாண்டினால் அவர்களெல்லாம் அவனுக்கு அக்கா. "இந்தப் பாடப் புத்தகத்துல எல்லாரும் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற மாதிரியே பேசறாங்க. ஹோம்ல இருக்கற தாத்தா உங்ககிட்ட அப்படிப் பேச மாட்டார். திட்டுவார், துப்புவார். மாங்கா படிங்க, அவங்க ஊர்ப் படக்கதை" என்று சொன்னான். மாங்கா என்றதும் பின்வரிசையில் ஒருத்தி உப்பு மிளகாய்த்தூள் கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, ஜப்பானில் தான் தங்கிய தொழிலாளர் விடுதியில் முன்பு இருந்தவன் யாரோ விட்டுப்போன இரண்டு பாகங்களை மேசையில் வைத்தான். அட்டை கிழிந்துபோயிருந்ததால் கதையின் பெயர் அவனுக்கும் தெரியவில்லை.

மழை ஓயாத ஒரு மீன்பிடி ஊரில் சிசுகோ என்ற பெண் படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்கிற கதை அது. வரைந்தவருக்கு எதையும் மறைக்கிற பழக்கம் இல்லை. கிழவரின் மஞ்சள் படிந்த தடித்த கால்நகங்கள், டம்ளர் தண்ணீரில் மிதக்கும் பல்செட்டு, அதில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கை, சாக்கடை வலையில் சுருண்டுகிடக்கும் முடி என்று ஒவ்வொன்றும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போயின. ஜப்பானியப் புத்தகத்தை நாம் முடிவு என்று நினைக்கிற பக்கத்திலிருந்துதான் திறக்க வேண்டும், கட்டங்களை வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும் என்பதை மறந்து ரூபாவதி முதல் பத்துப் பக்கங்களைத் தலைகீழாகப் படித்தாள். கிழவர் கக்கிய கஞ்சி அவருடைய தாடையில் ஏறி, வாய்க்குள் புகுந்து, கரண்டி வழியாகக் கிண்ணத்துக்குத் திரும்பியது. ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை.

பேச்சு எல்லாம் குமிழிகளுக்குள் அச்சு எழுத்தில் இருந்ததால் அகராதியை வைத்துக்கொண்டு ஒருவிதமாக ஊர்ந்து போய்விடலாம். ஓசைச் சொற்கள்தான் உயிரை வாங்கின. அவை கட்டங்களை மீறிப் படத்தின் மேலேயே கோணல்மாணலாகக் கையால் எழுதப்பட்டிருந்தன. 'ஷி' எது 'ட்சு' எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டுமே சில கீற்றுகளும் ஒரு வளைவுமாக இளித்தன. அப்படி இருபது நிமிடம் மல்லுக்கட்டி அவள் வாசித்த சொல்தான் 'நெபநெப'. அதை வாசித்தபோதுதான் கொழகொழப்பு இறங்கியது.

முதலில் நேசம் மேலே பார்த்தாள், கூரையில் கசிவு என்று நினைத்து. பிறகு விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை எடுத்தபோது அது ஒரு முழம் நீண்டு, அறுந்து, அவளுடைய முழங்கையில் சுற்றிக்கொண்டது.

"இது என்னக்கா?"

"நெபநெப."

"அப்படின்னா?"

"இதுதான்."

நேசம் கையைக் கழுவப் போனாள். மூன்று முறை சோப்பு போட்டும் விரலிடுக்கில் பிசுபிசுப்பு போகவில்லை என்று முனகினாள். விஷயம் அவ்வளவில் முடிந்தது.

அந்த வாரம் முழுவதும் ரூபாவதி வாசித்தாள். 'நுருநுரு' என்று வாசித்தபோது விலாங்கு மீனைப் பிடித்த கையில் இருப்பதுபோன்ற ஒரு வழுக்கல் தரையில் பரவியது. கூடத்தைக் கடந்த இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். 'பெதோபெதோ' வந்தபோது கதவுக் கைப்பிடிகளில் பாகும் அழுக்கும் கலந்த ஒரு பூச்சு ஒட்டிக்கொண்டது. 'தோரோதோரோ' என்ற சொல் ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில் இருந்தது, அதை வாசித்து முடிப்பதற்குள் சாக்கடைச் சேற்றைப்போல் கெட்டியான ஒன்று அரை வாளி நிறைந்தது. அதன் நடுவில் அவ்வப்போது ஒரு குமிழி எழும்பி உடைந்தது. விடுதி வார்டன் ஜெபக்கனி மாடியிலிருந்து இறங்கி வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நெடுநேரம் வாளியையும் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, "படிக்கிற பிள்ளைங்களைப் படிக்க வேண்டாம்னு சொல்ல முடியாது, ஆனா என் தரையை நான் பாக்கணுமில்ல" என்றாள். மறுநாள் அறிவிப்புப் பலகையில், துணி துவைக்கும் நேரத்துக்கும் பார்வையாளர் நேரத்துக்கும் நடுவில், பச்சை மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ஜப்பானியப் புத்தகம் வாசிப்பவர்கள் வாளி வைத்து வாசிக்கவும்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் வாசிக்க ஆரம்பித்தார்கள். யார் வாசித்தாலும் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் வாளியை வைத்து, ஒருத்தி வாசிக்க, வருவதை எல்லாரும் தொட்டுப் பார்த்துத் தமிழ்ப் பெயர் தேடினார்கள். நுருநுரு வழவழப்பா வழுக்கலா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. வழவழப்பு என்றால் தொட ஆசையாக இருக்க வேண்டும், இதைத் தொட்டால் கையை வெட்டிப்போடலாம்போல இருக்கிறது, அதனால் வழுக்கல்தான் என்று நேசம் தீர்ப்புச் சொன்னாள். நாற்றம் என்பதற்குப் பாடப் புத்தகத்தில் 'குசாய்' என்று இருந்தது. படக்கதையில் கிழவர் அதையே 'குசே' என்று திட்டினார், அகராதியில் அந்த உருவம் இல்லை. தமிழில் அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் அது மட்டும் யாருக்கும் மறக்கவே இல்லை.

ஊருக்கும் தெரிந்துபோனது. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டபோது வந்த துப்புரவுப் பணியாளர்கள் குச்சியால் கிளறி, முகர்ந்து, இருபது வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, இது கழிவும் இல்லை, எண்ணெயும் இல்லை, எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஈ கூட அதன் மேல் உட்காரவில்லை. செம்பருத்தி இலையை அரைத்தாலும் இப்படித்தானே கொழகொழவென்று வரும், தலைக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, ஒரத்தநாட்டுக்காரி ஒருத்தி நெபநெபவைத் தலையில் தேய்த்து ஊறவைத்தாள். அவளுடைய சடை ஒரே கட்டியாக இறுகி, நான்கு நாள் ஊசிப்போன மோர் நாற்றம் அடித்து, கடைசியில் கத்தரிக்கோல்தான் வழி என்று ஆனது. டயர் கிடங்குக்காரர் முழங்கால் வலிக்கு ஒரு டப்பா கேட்டு வாங்கிப்போனார். அவருடைய வேட்டியைக் காலிலிருந்து வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. ஒரு கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டு, மறு கையால் வாளியை நகர்த்திவிட்டு, சட்னி கேட்டார்கள். அந்த வாளிகளைவிட அந்தச் சட்னிதான் ரூபாவதிக்கு அதிகமாகக் குமட்டியது. குடியாத்தத்திலும் இப்படித்தான், அவளைத் தவிர எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

பயிற்சி நிலையத்தின் டைரக்டர் சிகாமணி இரண்டு கைக்குட்டைகளோடு வந்து பார்த்தார். சொல் தேர்வில் அந்த விடுதிப் பெண்கள் மட்டும் ஏன் எல்லாவற்றையும் சரியாக எழுதுகிறார்கள் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. 'தொட்டு உணர்ந்து ஜப்பானியம்' என்று வாசலில் ஒரு பேனர் கட்டினார். அடுத்த மாதம் ஜப்பானின் வடக்கே உள்ள ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வீடியோவில் நேர்காணல் எடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்துவிட்டு, எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினார். ஒதோஷியோரி கா தைசுகி தெசு. எனக்கு வயதானவர்களை மிகவும் பிடிக்கும்.

"ஏன் இந்த வேலைக்கு வர்றீங்கன்னு கேப்பாங்க. எல்லாரும் இதைத்தான் சொல்லணும். சிரிச்சுக்கிட்டே சொல்லணும். பல்லு தெரியணும்."

பதின்மூன்று பேர் சொன்னார்கள். ரூபாவதியின் முறை வந்தபோது அவள் "தண்ணி குடிச்சுட்டு வரேன் சார்" என்று வெளியே போனாள்.

இரண்டாம் பாகத்தின் நடுவில் அந்தப் பக்கம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிசுகோ மாமனாரின் பின்புறத்தைத் துடைத்துவிட்டு, துணியை அலசி, வீட்டுக்குப் பின்னால் மழையில் போய் நிற்கிறாள். பக்கம் முழுவதும் ஒரே படம். ஓசைச் சொல் எதுவும் இல்லை. கீழ் மூலையில் ஒரு சிறு குமிழி. வாசித்துக்கொண்டிருந்தவள் ரூபாவதி. சுற்றியிருந்தவர்கள் வழக்கம்போல் வாளியைக் கிட்டே தள்ளி, பாவாடையை ஒதுக்கிக்கொண்டார்கள்.

"கிமோச்சி வாருயி" என்று வாசித்தாள்.

எதுவும் வரவில்லை. பக்கம் காய்ந்தே கிடந்தது. ஒருத்தி புத்தகத்தின் அடியில் தடவிப் பார்த்தாள். இன்னொருத்தி அகராதியைப் புரட்டி, "மனசுக்கு நல்லா இல்ல, அருவருப்பா இருக்குன்னு போட்டிருக்கு" என்றாள்.

"யாருகிட்ட சொல்லுதா?" என்று நேசம் கேட்டாள்.

"யாரும் இல்ல. மழைதான் பெய்யுது."

"அடுத்த பக்கத்துல அவளை யாரும் ஏசலையா?"

ரூபாவதி புரட்டினாள். அடுத்த பக்கத்தில் சிசுகோ உள்ளே வந்து, கையைக் கழுவி, அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஏசவில்லை. இடியும் விழவில்லை. ரூபாவதி புத்தகத்தை மூடிக் காலி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எனக்கு அருவருப்பா இருந்துச்சு" என்றாள். "ஆறு வருஷமும். ஒரு நாள்கூட இல்லாம இல்ல. அந்தம்மா மேல கோவம் இல்ல. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன், முதுகுல கடைசி ரெண்டு வருஷம் ஒரு புண்ணு வர விடல. ஆனா ஒவ்வொரு தடவையும் குமட்டுச்சு. என் கையை என் வாய்க்கிட்ட கொண்டுபோக முடியாது. கரண்டியிலதான் சாப்டேன்."

யாரும் எழுந்து போகவில்லை. நேசம், தன் அண்ணனுக்குப் பிறந்த பிள்ளையின் மூக்குச்சளியை வாயால் உறிஞ்சி எடுக்கச் சொன்னதை, எடுத்ததை, அன்றிலிருந்து அந்தப் பிள்ளையை முத்தமிட முடியாமல் இருப்பதைச் சொன்னாள். ஒரத்தநாட்டுக்காரி கத்தரித்த தலையைத் தடவிக்கொண்டே தன் முதலிரவைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னாள். பதினான்கு பேரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அன்று அந்தக் கூடத்தில் நிறைந்தது எந்த வாளியிலும் கொள்ளாது, அதைத் துடைக்கவும் யாரும் துணி தேடவில்லை.

நேர்காணலுக்கு நான்கு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, ஏகாம்பரம் வந்தான். புதுச்சட்டை போட்டிருந்தான். கேட்டைத் திறந்தவன் நாற்றம் தாக்கியதும் அப்படியே நின்று தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்தான்.

"உள்ள வாங்க" என்றாள் ரூபாவதி.

அவன் தரையைப் பார்த்தான். யாரோ காலையில் வாசித்த தோரோதோரோ இன்னும் அள்ளப்படாமல் படிக்கட்டு ஓரத்தில் மெதுவாகக் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது.

"இங்கயே சொல்லிடறேன். அப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்துடுச்சு. கைய வச்சா உள்ள போவுது. ஆளு வச்சோம், ரெண்டே நாள்ல ஓடிட்டா. நீ வந்துடு ரூபா. அப்பாவே உன்னைத்தான் கேக்கறார்."

"எத்தனை மணிக்கொரு தடவை திருப்பிப் போடறீங்க?"

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். புண்ணை உப்புத் தண்ணியில கழுவணும், சீழை அமுக்கி எடுக்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவுல தலகாணி வைக்கணும். டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, இன்னிக்கே. இருங்க." அவள் உள்ளே போய், பயிற்சிக்குக் கொடுத்திருந்த கையுறைப் பெட்டியைக் கொண்டுவந்து கேட்டுத் தூணின் மேல் வைத்தாள். "இதைப் போட்டுக்கிட்டுச் செய்ங்க."

ஏகாம்பரம் பெட்டியைப் பார்த்தான். "நானா?"

"அவரு உங்க அப்பா."

"எனக்கு அதெல்லாம் ஒத்துக்காது. பாத்தாலே வாந்தி வருது."

"எனக்கும்தான் வந்துச்சு. பாத்ரூம் பின்னால போய் எடுத்துட்டு வந்து செஞ்சேன்."

அவன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தான். ஆறு வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் புதுச் செய்தி அதுதான்போல, வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். "நீ அப்படியெல்லாம் நெனச்சுக்கிட்டா எங்கம்மாவத் தொட்ட?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த அதிர்ச்சியைக் கண்டபோது, சீழிலும் சேற்றிலும் வராத ஒரு குமட்டல் ரூபாவதிக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கேட்டைச் சாத்தினாள். அவன் தெருமுனைவரை போய், நின்று, திரும்பி வந்து, தூணின் மேலிருந்த பெட்டியை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனான். அவன் அதைப் பயன்படுத்தினானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாமனார் ஆடி மாதம் இறந்தார் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். அன்று அவள் அழுதாள், அந்த மனிதர் நல்லவர்.

நேர்காணல் நாளில் திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். இல்லத்தின் தலைவி ஒகுமுரா, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தவள். பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் இளைஞன். டைரக்டர் சிகாமணி கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு விரலால் தன் வாயோரங்களை மேலே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தியாகப் போய், பல் தெரிய, தைசுகி தெசு என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஏழாவதாக ரூபாவதி உட்கார்ந்தாள்.

இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒகுமுரா கேட்டாள்.

"எனக்கு இந்த வேலை தெரியும். ஆறு வருஷம் வீட்டில் செய்தேன்" என்று ரூபாவதி ஜப்பானிய மொழியில் சொன்னாள். பிறகு, நிறுத்த நினைத்தும் நிற்காமல், "குசே தெசு. கிமோச்சி வாருயி தெசு. ஆனால் செய்வேன்" என்றாள். திட்டு வார்த்தைக்குப் பின்னால் மரியாதை விகுதியைச் சேர்த்து அந்த மொழியில் யாரும் பேசுவதில்லை. ஓரத்தில் நின்றிருந்த அப்சல் கண்ணை மூடிக்கொண்டான். இளைஞன் பேனாவைக் கீழே வைத்து உதட்டைக் கடித்தான். சிகாமணியின் விரல்கள் வாயோரத்திலேயே நின்றுவிட்டன.

"எங்கே படித்தீர்கள் இந்த மொழியை?" என்றாள் ஒகுமுரா.

"மாங்கா."

"அருவருப்பு வரும்போது என்ன செய்வீர்கள்?"

"வேலை முடிகிறவரை செய்வேன். பிறகு வெளியே போவேன். ஐந்து நிமிடம். யாரும் இல்லாத இடத்தில் சொல்வேன். கை கழுவுவேன். திரும்பி வருவேன்."

ஒகுமுரா எதையோ எழுதிக்கொண்டு, நன்றி என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அறைக்கு வெளியே சிகாமணி, "ஏம்மா, ஒரு பொய் சொல்ல வராதா உனக்கு? ஊரே சொல்லுது" என்று கேட்டபோது அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

பட்டியல் வர மூன்று வாரம் ஆனது. ஐந்து பெயர்கள். பல் தெரியச் சிரித்தவர்கள் நான்கு பேர், ரூபாவதி. நேசத்தின் பெயர் இல்லை. அவள் அடுத்த வருஷம் வேறோர் ஊருக்குப் போனாள். புத்தகங்களை அப்சல் விடுதிக்கே கொடுத்துவிட்டான். சாப்பாட்டுக் கூடத்தின் தரையை உடைத்து ஜெபக்கனி நடுவில் ஒரு வடிகால் வைத்தாள், அதற்கு வெண்கல மூடியும் போட்டாள்.

வடக்கே அந்த ஊரில் பனி கூரைவரை கிடந்தது. இல்லத்தில் கையுறை கொடுத்தார்கள், எட்டு மணி நேரம் முடிந்ததும் கதவைச் சாத்தலாம், அவள் நினைத்தபடிதான் எல்லாம். மூன்றாம் நாள் காலையில் அவளை மியாதா என்ற தொண்ணூற்றொரு வயதுப் பெண்ணின் அறைக்கு அனுப்பினார்கள். நாற்பது வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். டயப்பர் மாற்றும்போதெல்லாம் கட்டைபோல விறைத்துக்கொள்வாள், இரண்டு பேர் பிடித்தாலும் புரட்ட முடியாது, கடித்தும் வைப்பாள், ஜாக்கிரதை என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

ரூபாவதி போர்வையை விலக்கினாள். தொடை, இடுப்பு, முதுகு என்று எல்லாம் ஈரமும் பழுப்புமாக அப்பிக்கிடந்தது. மியாதாவின் முட்டிகள் இறுகின. அவள் ரூபாவதியின் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலில் குவிந்திருந்த பனியைப் பார்த்துக்கொண்டு, "இயா தெஷோ" என்றாள். வெறுப்பாகத்தான் இருக்கும், இல்லையா.

வந்த எல்லாரிடமும் அவள் இதைக் கேட்டிருக்கிறாள். இல்லவே இல்லை என்று சிரித்தபடி சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ரூபாவதியின் தொண்டைவரை குமட்டல் ஏறி நின்றது. அவள் ஈரத்துணியைப் பிழிந்து கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "வெறுப்பாத்தான் இருக்கு."

மியாதா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். வெளியே யாரோ பனியை வாரித் தள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, கிழவி இரண்டு முட்டிகளையும் மெல்ல மடக்கி, படுக்கையில் கைகளை ஊன்றி, இடுப்பைத் தானே தூக்கிக்கொடுத்தாள்.